நூலக மென்பொருள் ஹேங் ஆகும்போது என்ன செய்வது? கவுன்டருக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நூலக மென்பொருள் மெதுவாக ஓடுவதற்கான காரணம் ஆறு இடங்களில் இருக்கலாம்: நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினி, அதிலுள்ள பிரவுசர், பிரின்டர், ஸ்கேனர், நெட்வொர்க், சர்வர் (நூலகத்தின் தரவு இருக்கும் மையக் கணினி). கோளாறு எங்கே இருந்தாலும் திரையில் தெரிவது ஒன்றுதான், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் பலரும் எடுத்த எடுப்பிலேயே மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள், இல்லையென்றால் புதுக் கணினி கேட்கிறார்கள். கோளாறு நெட்வொர்க் கேபிளில் இருந்தால் புதுக் கணினியும் அதே போலத்தான் திணறும்.

ஆகவே, கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்கும் வரை எதையும் அழிக்க வேண்டாம், எதையும் நிறுவ வேண்டாம். இங்கே சொல்லும் சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு நிர்வாகி கடவுச்சொல் தேவையில்லை. கணினி படித்திருக்க வேண்டியதும் இல்லை. கவனித்து எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால் போதும்.

திரை நின்றுவிட்ட அந்த நிமிடத்தில்

முதல் விதி, மறுபடி மறுபடி கிளிக் செய்யாதீர்கள். நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு கிளிக்கும் வரிசையில் போய் நிற்கும். மென்பொருள் விழித்ததும் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். ஒரே புத்தகம் இரண்டு முறை புதுப்பிக்கப்படுவதும், ஒரே அபராதம் இரண்டு முறை வரவாவதும் இப்படித்தான் நடக்கிறது.

ஒரு ஜன்னல் சுமார் 5 விநாடி பதில் தராவிட்டால் விண்டோஸ் அதன் தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று எழுதிவிடும். நிரல் செத்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. சர்வரிலிருந்து வர வேண்டிய பதிலுக்காக அது காத்துக்கொண்டிருக்கலாம். ஒரு நிமிடம் பொறுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் அப்புறம் மூடலாம்.

அதற்குள் வரிசையில் நிற்பவர்களைக் கவனிக்க ஒரு நோட்டு வேண்டும். நேரம், உறுப்பினர் எண், புத்தகத்தின் பார்கோடு எண், கொடுத்ததா திரும்பியதா என்ற நான்கையும் நடந்த வரிசையிலேயே எழுதுங்கள். ஒருவர் திருப்பிய புத்தகத்தை அடுத்த நிமிடமே இன்னொருவர் எடுத்துப் போயிருக்கலாம். பிறகு பதிவு செய்யும்போது வரிசை மாறினால் புத்தகம் தவறான ஆள் கணக்கில் நிற்கும். சில மென்பொருள்களில் இணைப்பு இல்லாதபோதும் இரவல் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. உங்களுடையதில் உண்டா என்று கேட்டுக் கூட்டமில்லாத நாளில் பழகிக்கொள்ளுங்கள். நெருக்கடியில் கற்றுக்கொள்ள முடியாது.

மென்பொருள் மீண்டதும், நின்றுபோன கடைசிப் பதிவை அப்படியே மறுபடி போட்டுவிடாதீர்கள். அந்த உறுப்பினரின் கணக்கைத் திறந்து, ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பணம் சம்பந்தப்பட்டதென்றால் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

இந்தக் கணினி மட்டுமா, இந்த வேலை மட்டுமா?

இனிச் சொல்லப்போவதுதான் மிக முக்கியமான பகுதி. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

பக்கத்துக் கணினிக்குப் போய், இங்கே தேடிய அதே புத்தகத்தை அங்கே தேடுங்கள். அங்கும் இழுக்கிறது என்றால் உங்கள் கணினியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. சிக்கல் சர்வரில் அல்லது எல்லோருக்கும் பொதுவான நெட்வொர்க்கில் இருக்கிறது. அங்கே சட்டென்று வருகிறது என்றால் சிக்கல் உங்கள் மேசையில்தான்.

அடுத்து, உங்கள் லாகினில் அந்தக் கணினியிலும், அங்கே வேலை செய்பவரின் லாகினில் உங்கள் கணினியிலும் நுழைந்து பாருங்கள். மெதுவாவது லாகினோடு சேர்ந்து நகர்கிறதா? அப்படியென்றால் அந்தக் கணக்கின் அமைப்புகளில் ஏதோ இருக்கிறது. இந்தச் சோதனையை அநேகமாக யாரும் செய்வதில்லை, ஆனால் இரண்டே நிமிடத்தில் பாதி சந்தேகங்களை இது தீர்த்துவிடும். கடவுச்சொல்லை ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டாம், அவரவரே வந்து தட்டச்சு செய்யட்டும்.

பிறகு, எந்த வேலையில் மெதுவாகிறது என்று பிரித்துப் பாருங்கள். எல்லாத் திரையும் மெதுவா, ரசீது அச்சிடும்போது மட்டுமா? ஒரே ஒரு உறுப்பினரின் கணக்கைத் திறக்கும்போது மட்டுமா? ஒரு துறையின் பெயரிலோ வகுப்பின் பெயரிலோ நூற்றுக்கணக்கான புத்தகங்கள் இரவலில் இருந்தால், அந்தப் பட்டியலை முழுதாக ஏற்றும் வரை திரை நிற்கும். அது பழுதில்லை. பட்டியலைத் தானாகக் காட்ட வேண்டாம் என்று அமைப்பில் மாற்றினால் சரியாகிவிடும்.

நூல் பட்டியலிடுபவர்கள் இன்னொரு காரணத்தையும் நினைவில் வைக்க வேண்டும். பிற நூலகங்களிலிருந்து பதிவுகளை இறக்க இசட்39.50 என்ற முறையில் தேடுவோம். ஐந்தாறு நூலகங்களை ஒன்றாகத் தேர்ந்தெடுத்துத் தேடும்போது, அதில் ஒன்று பதில் தராமல் போனால் மொத்தத் தேடலும் அதற்காகக் காத்திருக்கும். ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து, பதில் வராததைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கடைசியாக நேரம். தினமும் ஒரே நேரத்தில் திணறுகிறது என்றால், அந்த நேரத்தில் ஏதோ ஒரு வேலை தானாக ஓடுகிறது: பேக்கப், ஆன்டிவைரஸ் ஸ்கேன், தாமத அறிவிப்புகள் அனுப்புவது, யாரோ எடுக்கும் பெரிய அறிக்கை. ஒரு வாரம் எழுதி வைத்தால் இது தானாகத் தெரிந்துவிடும். எழுதும்போது விநாடிக் கணக்கையும் சேருங்கள், கைபேசியில் உள்ள ஸ்டாப்வாட்ச் போதும். ‘சிஸ்டம் ரொம்ப ஸ்லோ’ என்ற குறிப்பால் யாருக்கும் பயன் இல்லை. ‘காலை 11:20, இரண்டாவது கவுன்டர், புத்தகம் திருப்பும்போது 40 விநாடி’ என்ற குறிப்பை வைத்துக்கொண்டு ஒரு தொழில்நுட்பர் வேலையைத் தொடங்கிவிடலாம்.

உங்கள் மென்பொருள் எந்த வகை?

நூலக மென்பொருள்கள் இரண்டு விதம். கோஹா போன்றவை பிரவுசரிலேயே ஓடும். கோஹா நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000ஆம் ஆண்டு ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. பணியாளர் திரையும் பிரவுசரில்தான் திறக்கும். இன்னொரு விதம், ஒவ்வொரு கணினியிலும் தனி நிரலாக நிறுவப்படுவது.

நிறுவப்படும் வகையில் பல நிரல்கள் சர்வரிலுள்ள தரவுத்தளத்தோடு நேரடியாகப் பேசும். ஒரு திரையைத் திறக்க 200 முறை கேள்வி கேட்டுப் பதில் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே கட்டடத்தில், கேபிள் இணைப்பில், ஒரு முறை போய்வர 1 மில்லிவிநாடி ஆனால் மொத்தம் 0.2 விநாடி. அதே நிரலைத் தொலைவிலுள்ள கிளையிலிருந்து விபிஎன் (இணையத்தின் மேல் அமைக்கும் பாதுகாப்பான தனி இணைப்பு) வழியே ஓட்டும்போது ஒரு முறைக்கு 50 மில்லிவிநாடி ஆனால் மொத்தம் 10 விநாடி. இணைய வேகத்தை எவ்வளவு கூட்டி வாங்கினாலும் இது பெரிதாகக் குறையாது, ஏனென்றால் இங்கே நேரம் போவது தூரத்தில். தலைமை நூலகத்தில் நன்றாக ஓடுவது கிளையில் மட்டும் தவழ்கிறது என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். சர்வருக்குப் பக்கத்திலுள்ள ஒரு கணினியில் நிரலை ஓட்டி, கிளைக்கு அதன் திரையை மட்டும் ரிமோட் டெஸ்க்டாப்பில் அனுப்புவது இதற்கு நல்ல வழி. அதைத் தொழில்நுட்பர்தான் அமைக்க வேண்டும்.

கணினியைச் சோதிப்பது

‘நேற்று அணைத்துவிட்டுத்தானே போனேன்’ என்று நினைப்போம். விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இருக்கிறது. அது இயக்கத்தில் இருந்தால், ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸின் மையப் பகுதி முழுதாக அணைவதில்லை. அதன் நிலையை டிஸ்க்கில் சேமித்து வைத்து மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். எனவே தினமும் அணைக்கும் கணினிக்கும் வாரம் ஒரு முறை ரீஸ்டார்ட் தேவை.

ரீஸ்டார்ட் செய்தும் மெதுவாக இருந்தால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதைத் திறந்து வைத்தபடியே, மென்பொருளில் வழக்கமாகத் திணறும் வேலையைச் செய்யுங்கள். மெமரி 90 சதவீதத்துக்கு மேல் நிற்கிறதா? திறந்து கிடக்கும் மற்றவற்றை மூடுங்கள். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் பிரவுசரும் ஆன்டிவைரஸும் வீடியோ அழைப்பும் சேர்ந்தால் மென்பொருளுக்கு இடமே இருக்காது. டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, ஆனால் சிபியு சும்மா இருக்கிறது என்றால், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருக்க வாய்ப்பு அதிகம். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க்கின் மேல் கிளிக் செய்தால் அது ஹார்ட் டிஸ்க்கா, சுழலும் பாகம் இல்லாத வேகமான எஸ்எஸ்டியா என்று எழுதியிருக்கும். ஒரு கணினிக்கு மட்டும் செலவு செய்ய முடியும் என்றால் நான் முதலில் கேட்பது எஸ்எஸ்டிதான். வேறெந்த மாற்றமும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

எல்லா எண்ணும் குறைவாகவே இருக்கிறது, ஆனாலும் மென்பொருள் நிற்கிறது. இதுவும் ஒரு நல்ல தடயம். கணினிக்கு மூச்சு முட்டவில்லை, அது எதற்கோ காத்திருக்கிறது. அடுத்த பகுதிகளுக்குப் போங்கள்.

ஆன்டிவைரஸ் மேல் சந்தேகம் வந்தால் அதை அணைத்துப் பார்க்காதீர்கள். மென்பொருளின் கோப்புறையை ஸ்கேனிலிருந்து விலக்க முடியுமா என்று தொழில்நுட்பரிடம் கேளுங்கள். ‘கணினியை வேகமாக்கும்’ என்று விளம்பரம் வரும் நிரல் எதையும் நிறுவ வேண்டாம். உறுப்பினர் விவரங்கள் இருக்கும் கணினி அது. விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

பிரவுசர்

பிரவுசரில் ஓடும் மென்பொருளென்றால், முதலில் பிரைவேட் ஜன்னல் ஒன்றைத் திறந்து அதில் லாகின் செய்யுங்கள். குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என். ஃபயர்ஃபாக்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி. அங்கே வேகமாக ஓடினால் குற்றவாளி ஏதாவது ஓர் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்த சிறு நிரல்) அல்லது பழைய கேஷ் (பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பக்கக் கோப்புகள்). எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

சர்வரில் மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் சில பட்டன்கள் வேலை செய்யாமல் போனால், பழைய கோப்புகளைப் பிரவுசர் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். கன்ட்ரோலையும் எஃப்5 விசையையும் சேர்த்து அழுத்தினால் புதியவை இறங்கும். அதற்கும் சரியாகவில்லை என்றால் கேஷை அழிக்கலாம், ஆனால் ‘எல்லாவற்றையும் அழி’ என்று கொடுத்துவிடாதீர்கள். எவர்கிரீன் போன்ற நூலக மென்பொருளில் இந்தக் கணினி எந்தக் கவுன்டர் என்ற பதிவு பிரவுசருக்குள்ளேயே இருக்கும். அது போனால் மறுபடி பதிவு செய்யும் வரை வேலை நிற்கும். ‘கேஷ் செய்த படங்களும் கோப்புகளும்’ என்ற ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

இன்னும் ஒரு படி உள்ளே போக விருப்பமிருந்தால் எஃப்12 விசையை அழுத்தி ‘நெட்வொர்க்’ தாவலைத் திறந்துவிட்டுப் பக்கத்தை ஏற்றுங்கள். எந்தக் கோரிக்கைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று வரிவரியாக வரும். நீளமான வரியின் மேல் மவுஸை வைத்துப் பாருங்கள். பெரும்பகுதி நேரம் சர்வரின் பதிலுக்காகக் காத்திருப்பதிலேயே போயிருந்தால், கோளாறு உங்கள் கணினியில் இல்லை. அந்த வரி உங்கள் சர்வருக்குப் போகாமல் வெளியே, உதாரணமாகப் புத்தக அட்டைப் படங்கள் தரும் ஒரு தளத்துக்குப் போயிருந்தால், அந்தத் தளம்தான் உங்களை இழுத்துப் பிடிக்கிறது. அட்டைப் படங்களைப் பணியாளர் திரையில் மட்டும் நிறுத்தச் சொல்லலாம்.

பிரின்டரும் ஸ்கேனரும்

ஹேங் என்று வரும் புகார்களில் பிரின்டரை யாரும் முதலில் நினைப்பதில்லை. இயல்பு (டிஃபால்ட்) பிரின்டராகக் குறித்திருப்பது இப்போது நெட்வொர்க்கில் இல்லாத ஒன்றாக இருந்தால், சில நிரல்கள் அதைத் தேடியபடியே நின்றுவிடும். ரசீது பொத்தானை அழுத்தியதும் உறைவதும், சில நேரம் நிரலைத் திறக்கும்போதே உறைவதும் இதனால்தான். சோதிப்பது எளிது. இயல்பு பிரின்டரை ‘மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்’ என்று மாற்றிவிட்டு அதே வேலையைச் செய்யுங்கள். உறையவில்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது. விண்டோஸே இயல்பு பிரின்டரைத் தீர்மானிக்கும் என்ற அமைப்பு இயக்கத்தில் இருந்தால் அதை நிறுத்துங்கள். கடைசியாக அச்சிட்ட பிரின்டரை அது இயல்பாக்கிவிடும்.

ஸ்கேனருக்கு நோட்பேட் போதும். நோட்பேடைத் திறந்து நாலைந்து புத்தகங்களை ஸ்கேன் செய்யுங்கள். பெரும்பாலான பார்கோடு ஸ்கேனர்கள் விசைப்பலகை போலவே எண்களைத் தட்டச்சு செய்து, முடிவில் ஒரு என்டர் அடிக்கும். நோட்பேடிலும் தாமதமாக வந்தால் அல்லது எண் விட்டுப்போனால் ஸ்கேனர், அதன் கேபிள், பேட்டரி, யுஎஸ்பி துளை இவற்றைப் பாருங்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் ஒரு வெற்று வரி விழுந்தால் என்டர் இரண்டு முறை போகிறது. மென்பொருள் ஒரே படிவத்தை இரண்டு முறை பெற்றுத் தடுமாறும். ஸ்கேனர் கையேட்டில் உள்ள அமைப்பு பார்கோடை ஸ்கேன் செய்து அதைத் திருத்தலாம்.

நெட்வொர்க்

கேபிளை இரு முனையிலும் எடுத்து அழுத்திச் செருகுங்கள். வேறு கேபிள் இருந்தால் மாற்றிப் பாருங்கள். மேசைக்கு அடியில் நாற்காலிச் சக்கரம் ஏறி நசுங்கிய கேபிள் முழுதாக அறுந்துபோவதில்லை, விட்டுவிட்டு வேலை செய்யும். அதனால்தான் கண்டுபிடிக்கக் கடினம்.

பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பிங் கட்டளையோடு சர்வரின் பெயரைக் கொடுங்கள். சர்வருக்கு ஒரு முறை போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது காட்டும். கடைசியில் இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் டி என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்தால் நீங்கள் நிறுத்தும் வரை ஓடும். நிறுத்த கன்ட்ரோல், சி. ஒரே கட்டடத்தில் கேபிள் இணைப்பில் 1 மில்லிவிநாடி அல்லது அதற்கும் குறைவாக வர வேண்டும். இடையிடையே ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று வருகிறதா, திடீரென்று நூற்றுக்கணக்கில் ஏறுகிறதா என்று கவனியுங்கள். மென்பொருள் உறையும் அதே கணத்தில் இங்கும் குதித்தால் அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். சில சர்வர்கள் பிங்குக்குப் பதில் தராதபடி அமைக்கப்பட்டிருக்கும். எல்லா வரியும் ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்றே வந்தால் அது பழுதாக இருக்க வேண்டியதில்லை.

கவுன்டர் கணினியை வைஃபையில் ஓட்டாமல் இருப்பது நல்லது. வாசகர்களும் அதே வைஃபையில் இருந்தால் கூட்டம் கூடக்கூட உங்கள் வேலை தேயும்.

சர்வர் பக்கம் என்றால்

இதில் நாம் கை வைக்க முடியாது, ஆனால் சரியான கேள்வியைக் கேட்க முடியும். கோஹாவில் தேடல் ஒரு வழியாகவும் இரவல் இன்னொரு வழியாகவும் போகிறது. தேடலுக்கு ஜீப்ரா அல்லது எலாஸ்டிக்சர்ச் என்ற தனி இன்டெக்ஸ் (தேடுவதற்கென்றே தயாரித்து வைத்த அகரவரிசை போன்றது), இரவலுக்கு நேராகத் தரவுத்தளம். எனவே தேடல் மட்டும் இழுத்து, புத்தகம் கொடுப்பது சரியாக ஓடினால் இன்டெக்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாகச் சேர்த்த புத்தகம் தேடலில் வரவே இல்லை என்பதும் அதே இடத்தைத்தான் காட்டும். எல்லாத் திரையுமே மெதுவென்றால், கோஹாவை வேகப்படுத்தும் பிளாக், மெம்கேஷ்டு என்ற சர்வர் நிரல்கள் இரண்டும் ஓடுகின்றனவா, பதிவேட்டு அட்டவணைகளைச் சுத்தம் செய்யும் தானியங்கி வேலை நடக்கிறதா என்று கேட்கலாம்.

பொதுமக்கள் பார்க்கும் இணைய கேட்லாக் அதே சர்வரில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அண்மைக் காலத்தில் பல நூலகங்களின் கேட்லாகுகள் தரவு திரட்டும் பாட்கள் எனும் தானியங்கி நிரல்களின் படையெடுப்பால் திணறியிருக்கின்றன. வெளியே பாட்கள் ஆயிரக்கணக்கில் தேடிக்கொண்டிருக்கும்போது உள்ளே கவுன்டரில் திரை நிற்கும். நூலகம் காலியாக இருக்கும் நேரத்திலும் மென்பொருள் இழுத்தால் இதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

தொழில்நுட்பருக்கு எழுதும்போது

நீங்கள் பார்த்ததை எழுதுங்கள், காரணத்தை ஊகித்து எழுத வேண்டாம். இந்த அளவு போதும்:

‘திங்கள் முதல் மூன்றாவது கவுன்டரில் மட்டும் புத்தகம் திருப்பும்போது 30 முதல் 40 விநாடி நிற்கிறது. மற்றக் கவுன்டர்களில் 2 விநாடி. வேறு லாகினிலும் அப்படியே. பிரைவேட் ஜன்னலிலும் அப்படியே. இயல்பு பிரின்டரை மாற்றியும் மாறவில்லை. நிற்கும் நேரத்தில் பிங் 1லிருந்து 900 மில்லிவிநாடி வரை ஏறுகிறது. திரையின் படத்தை இணைத்திருக்கிறேன்.’

திரையைப் படமெடுத்து அனுப்பும்போது உறுப்பினர் பெயர், முகவரி, அவர் எடுத்த புத்தகங்களின் பட்டியல் இவற்றை மறைத்துவிடுங்கள். ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம். பிழைச் செய்தி ஏதாவது வந்திருந்தால் சுருக்காமல் எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள்.

தொழில்நுட்பர் ஏதாவது மாற்றும்போது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ரேமையும் கேபிளையும் பிரவுசரையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது, அடுத்த கவுன்டரில் இதே சிக்கல் வரும்போது மூன்றையும் மறுபடி மாற்ற வேண்டியிருக்கும். மாற்றியதும், நீங்கள் முன்பு அளந்த அதே வேலையை அதே கூட்ட நேரத்தில் செய்து விநாடியை எழுதுங்கள். கூட்டமில்லாத மதியத்தில் வேகமாக ஓடியதை வைத்துப் புகாரை முடிக்க ஒப்புக்கொள்ள வேண்டாம். இரண்டு மூன்று பரபரப்பான நாள்கள் தாண்டட்டும்.